வளைவைக் கைவிட்ட எஃகு: கடல் கட்டுமானப் பணிப்படகின் கதை

இரண்டாம் உலகப் போர் தொடங்கும்வரை, பிரிட்டனில் இழுவைப் படகு கட்டுவது பெரும்பாலும் கைத்திறனையே நம்பிய தொழிலாக இருந்தது. கடினமான வளைவுகளுக்கு எஃகுத் தகட்டை உலையில் காய்ச்சி, இரு திசைகளிலும் வளைத்து, சட்டங்களின்மீது தறையாணி அறைந்து இறுக்கினர். போர்க்கப்பல்களுக்கே கப்பல் கட்டும் தளமும் ஆளும் போதாமல் போனபோது, துறைமுகங்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்ட சிறு படகுகளை வேறு வழியில் கட்ட வேண்டியதாயிற்று.

அந்த வழியைக் காட்டியது, கடலைவிட்டு உள்ளே, யார்க்‌ஷயரின் தோர்ன் என்னும் ஊரில் கால்வாய்க்கரையில் இருந்த ரிச்சர்ட் டன்ஸ்டன் தளம். அங்கு உருவான ‘டிட்’ இழுவைப் படகின் உடல், இரட்டை வளைவு எதுவுமின்றி, பக்கச்சுவரும் அடித்தளமும் கூர்மையான மடிப்பில் சந்திக்கும்படி வரையப்பட்டது. எட்டுத் துண்டங்களாகப் பிரிக்கப்பட்ட அந்த உடலைப் படகு கட்டிப் பழக்கமில்லாத உள்நாட்டு எஃகுப் பட்டறைகளே செய்து லாரியில் அனுப்ப, தளத்தில் அவை பற்றவைத்து இணைக்கப்பட்டன. 1943 முதல் 1946 வரை 182 படகுகள் இவ்வாறு நீரில் இறங்கின. அழகில் அவை பழைய படகுகளுக்கு ஈடாகா என்பது உண்மையே. ஆனால் அடிபட்ட தட்டைத் தகட்டை வெட்டியெடுத்து வேறொன்றை ஒட்டுவதற்குப் பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை என்பதை அழகைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் அமைத்த மல்பெரி செயற்கைத் துறைமுகம், இத்தகைய படகுகளுக்கு இருந்த தேவையைத் தெளிவாகக் காட்டியது. ‘பீனிக்ஸ்’ எனப்பட்ட உள்ளீடற்ற கான்கிரீட் பெட்டகங்களைப் பெரிய இழுவைக் கப்பல்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்தாலும், நீரோட்டத்துக்கு எதிராக அவற்றை வரிசை பிசகாமல் பிடித்து நிறுத்தி, நீர் நிரப்பி அமிழ்த்தும் நேரத்தில் சிறு படகுகளே கைகொடுத்தன. எஞ்சிய பெட்டகங்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேரைப் பலிகொண்டபின், அவ்வெர்கெர்க் என்னும் ஊரருகே கரையில் விழுந்த பெரும் உடைப்பு, அதே பீனிக்ஸ் பெட்டகங்களைக் கொண்டு நவம்பர் 6 இரவில்தான் அடைக்கப்பட்டது.

அதைத் தொடர்ந்து டெல்டா திட்டம் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் நீடித்த அணைப்பணிகள், டச்சு ஒப்பந்ததாரர்களுக்கு இடைவிடாத வேலை அளித்தன. தூர்வாரும் மிதவை தன் நங்கூரக் கம்பிகளை இழுத்தும் தளர்த்தியுமே நகர்வதால், ஒவ்வொரு நங்கூரத்தையும் அடிக்கடி தூக்கி இடம் மாற்றித் தரும் துணைப்படகு அருகில் இல்லாவிட்டால் முழுப் பணியும் நின்றுவிடும். அதற்கேற்பப் படிப்படியாக உருவான பல்பணிப் படகில், திறந்த தட்டைத் தளத்தில் பாரந்தூக்கியும் கம்பி சுற்றும் வின்ச்சும், முனையில் கம்பி உராயாமல் வழுக்கிவர ஓர் உருளையும் இருக்கும். ஆழமற்ற நீரிலும் செல்வதற்காக ஒரு பெரிய சுழலிக்குப் பதில் இரண்டு சிறியவை பொருத்தப்படும். சேறு கலந்த நீரை உறிஞ்சினால் குழாய் அடைபடும் என்பதால், பல படகுகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் படகின் அடியில் பதித்த மூடிய குழாய்களிலேயே சுற்றிவருகிறது.

1969இல் டச்சுக் கப்பல் கட்டும் நிறுவனமான டாமனின் பொறுப்பை ஏற்ற கொம்மர் டாமன், ஒரே வடிவத்தில் உடல்களை முன்கூட்டியே கட்டிக் கையிருப்பில் வைக்கும் முறையைத் தம் வணிகத்தின் அடிப்படையாக்கினார். ஒப்பந்தம் கையெழுத்தானபின் படகுக்கு நெடுங்காலம் காத்திருக்க இயலாத ஒப்பந்ததாரருக்கு இது பொருந்திவந்தது. பணி முடிந்ததும், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் பொது வடிவம் என்பதால், அதே படகை வேறொருவருக்கு நல்ல விலைக்கு விற்கவும் அவரால் முடிந்தது.