அண்டை வீட்டுச் சீனம்: ஹொக்கியனா, கண்டோனீசா?



தோட்டத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த குடும்பம் ஒன்று பினாங்குப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து, சுங்கை பினாங் வட்டாரத்தில் வீடெடுப்பதாக வைத்துக்கொள்வோம். மலாய் அவர்களுக்குப் பழக்கமே. ஆனால் பக்கத்து வீட்டிலும் பாசாரிலும் காதில் விழுவது ஹொக்கியன். மூத்த மகன் வேலை தேடி ஈப்போவுக்குச் சென்றால், அங்கே அவன் கேட்பது கண்டோனீஸ். இரண்டையுமே நாம் 'சீனம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹொக்கியன் மட்டும் அறிந்தவருக்குக் கண்டோனீஸ் புரியாது. ஒரே நாட்டில் ஊருக்கு ஒரு சீனம் வந்தது எப்படி? நம்மவர்க்கு எது எளிது? இவற்றை இன்று காண்போம்.

1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வணிகர் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்தனர். சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்துக் கடல் வணிகர் பேசியது ஹொக்கியன். 1787 இல் கோ லே ஹுவான் என்பவர் சீனருக்கு முதல் கப்பித்தானாக நியமனம் பெற்றார். சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவரும் அந்நாளிலேயே வந்தனர். சூலியா தெருவும், 1801 இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் அதற்குச் சான்றுகள். சந்தையில் யார் கை ஓங்கியதோ அவர் மொழியே சந்தை மொழியாயிற்று. பினாங்கில் அது ஹொக்கியன்.

பேராக்கின் கதை வேறு. அங்கே ஈயம் கிடைத்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குக் குவாங்டோங் மாநிலத்திலிருந்து கண்டோனியரும் ஹக்கா மக்களும் திரளாக வந்தனர். அதனால் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கண்டோனீஸ் நிலைத்தது. ஆகவே ஊருக்கொரு சீனம் வந்ததற்குக் காரணம் பிழைப்பே. நம் முன்னோரைப் பால்மரக் காட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதானே?

இனி, கற்பவர் பக்கம் நின்று பார்ப்போம். தமிழில் 'நான் போகிறேன், அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள்' என்று வினை மாறிக்கொண்டே இருக்கும். ஹொக்கியனில் மூன்றுக்கும் 'கி' என்ற ஒரே சொல். கண்டோனீசில் 'ஹூய்' என்ற ஒரே சொல். வேற்றுமை உருபும் இல்லை. இவ்வகையில் இரண்டுமே நமக்கு எளியவை.

கடினம் இருப்பது தொனியில். கண்டோனீசில் ஆறு தொனிகள் உண்டு. 'சி' என்ற ஓரெழுத்து, குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, ஆம் என ஆறு பொருள் தரும். 'மாய்' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் வாங்குதல். வேறு விதமாகச் சொன்னால் விற்றல். ஹொக்கியனில் 'பே' என்ற சொல்லும் அப்படியே. தொனி தவறினால் மீன் வாங்கப் போனவர் மீன் விற்க வந்தவராகிவிடுவார்! ஹொக்கியனில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனியே நிற்கும்போது ஒரு தொனி பெறும் சொல், பின்னால் மற்றொரு சொல் வந்தால் வேறு தொனி பெறும். கண்டோனீசில் இம்மாற்றம் குறைவு.

ஆனால் ஹொக்கியன் நமக்குக் கைகொடுக்கும் இடங்களும் உள்ளன. நாம் 'மரம்' என்று எழுதினாலும் பேச்சில் இறுதி ஒலியை மூக்கால் இழுக்கிறோம். ஹொக்கியனில் மூன்றைக் குறிக்கும் 'சா' அதே மூக்கொலிதான். மேலும், பினாங்கு ஹொக்கியனில் பத்து, தோலோங், காவின், சுக்கா என மலாய்ச் சொற்கள் பல கலந்துள்ளன. அவை நமக்குப் புதியவை அல்ல.

ஒரு பிழை நம் நாவில் இயல்பாக வரும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் 'புக்' என்பதைப் 'புக்கு' என்கிறோம். இவ்விரு மொழிகளிலும் சொற்கள் க், ட், ப் என்று சட்டென நிற்கும். பத்து என்ற எண் ஹொக்கியனில் 'சாப்', கண்டோனீசில் 'சப்'. அங்கே உகரம் சேர்க்காமல் வாயை மூடப் பழக வேண்டும்.

அப்படியானால் எதைக் கற்பது? இலக்கணத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. வாழும் ஊரைப் பார்த்தால் போதும். பினாங்கில் இருப்பவர் ஹொக்கியனையும், ஈப்போவில் இருப்பவர் கண்டோனீசையும் தொடங்கலாம். நாள்தோறும் திருத்திச் சொல்ல ஓர் அண்டை வீட்டார் இருப்பதே பெரிய பாடநூல். இன்று சீனப் பள்ளிகளில் மாண்டரின் கற்பிக்கப்படுவதால் இளைய சீனர் பலர் அதனையே பேசுகின்றனர். எனினும், வீட்டு மொழியில் ஒரு சொல் சொன்னால் முதியவர் முகம் மலர்வதை நாம் காணலாம்.

வேற்று மொழி பேசினால் தமிழ் தேய்ந்துவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். சூலியா தெருவில் வணிகம் செய்த நம் முன்னோர் மலாய் பேசினர், தமிழையும் விடவில்லை. கடை, கப்பல், பெட்டி, கட்டில் ஆகிய நம் சொற்கள் மலாயில் இன்றும் வாழ்கின்றன. வீட்டில் தமிழ் பேசப்படும் வரை, வாசலில் கற்கும் மொழி நமக்குச் சேரும் சொத்தே.

தந்தையின் தமையனை நாம் பெரியப்பா என்கிறோம், தம்பியைச் சிற்றப்பா என்கிறோம். ஹொக்கியனில் ஆ பெக், ஆ செக். கண்டோனீசில் ஆ பாக், ஆ சுக். ஆங்கிலம் இருவரையும் 'அங்கிள்' என்று ஒன்றாக்கிவிடும். இம்மூன்று மொழிகளும் பிரித்தறியும். நாளைக் காலை பக்கத்து வீட்டுப் பெரியவரை 'ஆ பெக்' என்று அழைத்துப் பாருங்கள். பாடம் அங்கே தொடங்கட்டும்.