செயற்கூறின் தலைவரி வந்த கதை



ஸ்கிராட்சைக் கடந்து சி, ஜாவா போன்ற மொழிகளுக்குள் நுழையும் பிள்ளைகள் முதலில் சலித்துக்கொள்வது, “செயற்கூறு எழுத இத்தனை அறிவிப்புகள் எதற்கு?” என்றுதான். உள்ளே வரும் மதிப்பு எவ்வினம், விடையாகத் திரும்பும் மதிப்பு எவ்வினம் என்பதைத் தலைவரியிலேயே எழுதச் சொல்கின்றன அம்மொழிகள். அதன் வரலாற்றைச் சொன்னால் சலிப்பு சற்றே தணிவதைக் கண்டிருக்கிறேன்.

1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, டேவிட் வீலர் முதலானோர் துணைநிரல்களைத் தாள்நாடாவில் துளையிட்டு நூலகமாகவே சேர்த்து வைத்தனர். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் பெயரின் முதலெழுத்தே இனத்தைக் காட்டிற்று: ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்தில் தொடங்கினால் முழு எண், இல்லையேல் மெய்யெண். (நட்சத்திரம் பார்த்துப் பிள்ளைக்குப் பெயரெழுத்துத் தேடும் நமக்கு இது புதிதன்று!) 1970-இல் நிக்லாஸ் விர்த் அளித்த பாஸ்கல், இனங்களைத் தலைவரியில் எழுதியே ஆகவேண்டும் என்றது.

டென்னிஸ் ரிட்சியின் சி மொழியோ தொடக்கத்தில் இவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை. செயற்கூறு எதிர்பார்க்கும் இனமும் அழைப்பவர் தரும் இனமும் பொருந்துகின்றனவா என்று நிரல்பெயர்ப்பி ஒப்பிட்டுப் பார்க்காது. வர்க்கமூலம் காணும் செயற்கூறு மெய்யெண்ணை எதிர்பார்க்கும். அதற்கு 2.0 தராமல் 2 என்று தந்தால்? நமக்கு இரண்டும் ஒன்றே. கணினியின் நினைவகத்திலோ அவை வெவ்வேறு பிட் வரிசைகள். எச்சரிக்கை ஏதுமின்றி நிரல் ஓடும். விடை மட்டும் குப்பையாக வரும். இத்தகைய பிழைகளைப் பிடிக்கவே பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் ‘லின்ட்’ என்னும் தனிக் கருவியை எழுதினார்.

பியார்ன் ஸ்ட்ராஸ்ட்ரப்பின் சி++ மொழியிலிருந்து கடன்பெற்று, 1989-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் சி மொழியும் இனங்களைத் தலைவரிக்குள் கொண்டுவந்தது. அவ்வாறு அறிவித்துவிட்டால் 2 தானே 2.0 ஆக மாற்றப்படும். சொல்லைத் தந்தால் நிரல்பெயர்ப்பி அங்கேயே தடுக்கும். ஆயினும் பழைய எழுத்துமுறை முற்றாக நீக்கப்பட்டது 2024-இல் வெளியான தரநிர்ணயத்தில்தான்!

இவ்வரலாற்றைச் சொன்னபின், இரு மதிப்பெண்களின் சராசரியைத் தரும் செயற்கூறுக்குத் தலைவரியை மட்டும் எழுதச் சொல்வேன். பலரும் விடையையும் முழு எண் என்றே எழுதுவர். 7-க்கும் 8-க்கும் சராசரி கேட்பேன். 7.5 என்பர். முழு எண்ணாகத் திருப்பினால் அந்த அரை மதிப்பெண் காணாமற்போகும் என்றதும் வகுப்பே கொதித்தெழும்! தலைவரியைத் திருத்தினாலும் போதாது. உள்ளே 2-ஆல் வகுத்தால் சி மொழி மீண்டும் 7-ஐயே தரும். 2.0-ஆல் வகுக்க வேண்டும்.