‘நான்’ மறைந்து ‘கே.’ பிறந்த கதை

பிராகில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய பிரான்ஸ் காஃப்கா, 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘கோட்டை’ நாவலைத் தன்மையிலேயே எழுதத் தொடங்கினார். பனி மூடிய கிராமத்திற்கு வந்து சேர்பவன் ‘நான்’. மூன்றாம் அத்தியாயத்தில், மதுக்கூடப் பணிப்பெண் ஃபிரீடாவை அவன் நெருங்கும் கட்டத்தில், அந்த ‘நான்’ கைவிடப்பட்டது. முன்னர் எழுதிய பக்கங்களிலும் அச்சொல்லை அடித்து, ‘கே.’ என்று திருத்தினார் காஃப்கா.

தன்மை படர்க்கையாயிற்று, ஆயினும் எல்லாம் அறிந்த கதைசொல்லி உள்ளே நுழையவில்லை. கே. காண்பதையே வாசகனும் காண்கிறான். 1952இல் ஃபிரீட்ரிக் பைஸ்னர் என்னும் அறிஞர் இதனை ஒற்றை நோக்கு எடுத்துரைப்பாக விளக்கினார்.

அவ்வாறாயின் திருத்தம் எதற்கு? ‘நான்’ என்று கதை சொல்பவன் நடந்ததைக் கடந்து வந்தவன்; அவன் குரலே வாசகனுக்கு ஓர் அபயம். கே.க்கு அந்த அபயமும் இல்லை. அவனுக்காகப் பேச மேலிருந்து ஒரு குரலும் இல்லை. இவ்விரு துணைகளின் இழப்பிலேயே அந்நாவலின் நவீனத்துவம் தொடங்குகிறது.

காஃப்கா 1924இல் மறைந்தார். வாக்கியத்தின் நடுவே நின்றுபோன கைப்பிரதியை நண்பர் மாக்ஸ் பிராட் செப்பனிட்டு 1926இல் வெளியிட்டார். 1982இன் ஆய்வுப் பதிப்பில் அத்திருத்தங்களும் பதிவாயின. அடிக்கப்பட்ட ஒரு சொல்லுக்கும் இலக்கிய வரலாற்றில் இடமுண்டு.