வெல்லாத விளையாட்டு: நடந்து பார்க்கிற கேம்கள் கேம்தானா?

"இதில என்ன செய்யிறது மச்சான்? சும்மா நடக்கிறது மட்டுந்தானோ?" நடந்து பார்க்கிற வகைக் கேம் ஒன்றை ஆருக்குக் காட்டினாலும் அநேகமாக வருகிற முதல் கேள்வி இதுதான். சுடுறதுக்கு ஆளில்லை, புள்ளி இல்லை, லெவல் இல்லை, செத்துப்போறதும் இல்லை. ஒரு தீவு இருக்கும், இல்லாட்டி ஆளில்லாத வீடு ஒன்று இருக்கும். அதுக்குள்ள திரியலாம், பார்க்கலாம், கேட்கலாம். அவ்வளவுதான். இங்கிலீசில் இதுகளுக்கு 'வோக்கிங் சிமுலேற்றர்' எண்டு பெயர். அந்தப் பெயர் நக்கலுக்கு எண்டுதான் பரவினது.

இதெல்லாம் வீடியோ கேம் எண்ட கணக்கில் வருமா எண்ட சண்டை 2012, 2013 அளவில் உச்சத்தில் இருந்தது. இப்பவும் அடங்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு வரலாறு கொஞ்சம் நீளம். அதை எங்கட பக்கத்தில் நிண்டு பார்த்தால் வேற சில விசயங்களும் தெரியுது.

குகையில் தொடங்கினது

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வில் குரோதர் எண்ட புரோகிராமர் 'கொலோசல் கேவ் அட்வென்சர்' எண்ட கேமை எழுதினார். படம் கிடையாது, எழுத்து மட்டும். குரோதர் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுக்கிறவர். கென்டக்கி மாநிலத்தில் இருக்கிற மாமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியைத்தான் தன்ர பிள்ளைகள் விளையாடக்கூடிய மாதிரி எழுதினார். 1977இல் டொன் வூட்ஸ் அதை விரிவாக்கினார். 'அட்வென்சர் கேம்' எண்ட முழு வகைக்கும் பெயர் இதில இருந்துதான் வந்தது. ஆகவே ஒரு இடத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்க்கிறது வீடியோ கேமுக்குள் பிந்திப் புகுந்த சங்கதி இல்லை. அத்திவாரத்திலேயே இருக்கு.

'இது கேமா?' எண்ட கேள்வியும் பழசுதான். வில் ரைற் எண்டவர் நகரம் கட்டுற 'சிம்சிற்றி'யை 1980களின் நடுவில் செய்தபோது, வெல்லவும் தோற்கவும் முடியாத ஒன்றை எப்படி விற்கிறது எண்டு வெளியீட்டு நிறுவனம் தயங்கியது. 1989இல்தான் அது கடைக்கு வந்தது. ரைற்றே அதைக் கேம் எண்டு சொல்லுறதை விட விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லத்தான் விரும்பினார். இண்டைக்கு 'சிம்சிற்றி' கேம் இல்லை எண்டு ஒருத்தரும் வாதாடுறதில்லை. 1993இல் மில்லர் சகோதரர்கள் செய்த 'மிஸ்ற்' வந்தது. ஆளில்லாத தீவு, எதிரி இல்லை, நேரக் கணக்கு இல்லை. பல வருசமாக அதுதான் உலகத்தில் அதிகம் விற்ற கொம்பியூட்டர் கேம். ஆனால் 'மிஸ்ற்' இல் புதிர்கள் இருந்தன. அவிழ்க்க ஏதோ இருந்தபடியால் அதைப் பெரிசாக ஒருத்தரும் கேட்கவில்லை.

2008இல் பிரித்தானியாவின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் பின்ச்பெக், சுடுறதுக்கெண்டு செய்த 'ஹாஃப்-லைஃப் 2' கேமின் எஞ்சினை எடுத்து, துவக்கைக் கழட்டிப்போட்டு 'டியர் எஸ்தர்' செய்தார். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவு. நீங்கள் நடக்க நடக்க, ஒரு குரல் எஸ்தருக்கு எழுதின கடிதங்களின் துண்டுகளை வாசிக்கும். ஒவ்வொருமுறையும் வேறவேற துண்டுகள் வரும். 2012இல் இதைத் திருத்திச் செய்து காசுக்கு விற்றபோது போட்ட முதலை முதல் நாளிலேயே மீட்டது. 2013இல் 'புரோட்டியஸ்' வந்தது. அதிலும் ஒரு தீவுதான். நீங்கள் கிட்டப் போற மரம், தவளை எல்லாம் சேர்ந்து அதின்ர இசையாக மாறும். அதே வருசம் 'கோன் ஹோம்'. அதில் ஒரு பெட்டை வீட்டுக்குத் திரும்பி வாறா, வீட்டில் ஒருத்தரும் இல்லை. லாச்சிகளைத் திறந்து, துண்டுக் கடிதங்களை வாசிச்சு, தன்ர தங்கச்சிக்கு என்ன நடந்தது எண்டு கண்டுபிடிக்கிறா. ரெண்டு மணித்தியாலத்தில் முடியிற இதுக்கு இருபது டொலரா எண்டு ஆட்கள் கொதிச்சார்கள். ஐந்து வருசம் கழிச்சு, 2018இல், இதே வழியில் வந்த 'வட் ரிமெய்ன்ஸ் ஒஃப் ஈடித் ஃபிஞ்ச்' பாஃப்டாவின் சிறந்த கேம் விருதை எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் அப்ப என்ன நடந்தது?

'மிஸ்ற்' வந்த 1993இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு நிண்ட மின்சாரம் வரப் பல வருசம் பிடிச்சது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம் அது. வீட்டில் கொம்பியூட்டர், கேம் எண்டதெல்லாம் 2002 சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்தபிறகு மெல்லமெல்ல வந்தவை. 2006இல் பாதை திரும்பவும் மூடுப்பட்டது. ஆகவே எங்கட வயதுக்காரருக்குக் கேம் எண்டால் 'வைஸ் சிற்றி', 'ஐ.ஜி.ஐ.', 'நீட் ஃபோர் ஸ்பீட்', கொப்பி பண்ணின சீடி. பிறகு போன் வந்தது, பப்ஜி வந்தது, ஃப்ரீ ஃபயர் வந்தது.

வெளியில முப்பது வருசமாக வளர்ந்த ஒன்றின்ர ஒரு கொப்புத்தான் எங்களுக்குக் கிடைச்சது. அதிகம் கொப்பியான கொப்பு அது. அந்தக் கொப்பையே மரம் எண்டு நினைக்கிறம். 'உண்மையான கேம் எண்டால் இப்பிடித்தான்' எண்டு நாங்கள் சொல்லேக்க அதைத் தீர்மானிச்சது எங்கட ரசனை மட்டுமில்லை, எந்தச் சீடி எந்தக் கடைக்கு வந்தது எண்டதும்தான்.

விளையாட்டும் போட்டியும்

பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் நடக்கிறதுக்குப் பெயர் 'விளையாட்டுப் போட்டி'. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. விளையாட்டு எண்டாலே வெற்றி தோல்வி எண்டால் 'போட்டி' எண்ட சொல்லைப் பிறகேன் சேர்க்கவேணும்?

தமிழில் விளையாட்டு எண்ட சொல் அகலமானது. கிளித்தட்டும் விளையாட்டு, போர்த்தேங்காயும் விளையாட்டு. இதுகளில் வெல்லுறவர் இருக்கிறார். ஆனால் சிரட்டையில் மண் சோறு ஆக்கிறதும் விளையாட்டுத்தான், வருசப்பிறப்புக்குக் கட்டுற ஊஞ்சலும் அப்படித்தான். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் கடைசிப் பருவங்களைப் பாருங்கோ. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் நீராடலும் ஊசலும் வரும். மணல்வீடு, பறை, தேர், தண்ணி, ஊஞ்சல், இவற்றில் எதில் ஆர் வென்றது? வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலண்டு நடக்கிற பட்டப்போட்டிக்குப் பரிசு உண்டு. அதுக்காக மற்ற நாளில் கடற்கரையில் விண் கூவப் பட்டம் ஏற்றிக்கொண்டு நிக்கிறவன் விளையாடவில்லை எண்டு ஆரும் சொல்லமாட்டினம்.

தொல்காப்பியம் இன்னும் ஒருபடி மேல போகுது. மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கிற நாலு நிலைக்களன்களில் விளையாட்டும் ஒன்று. தறுகண், அதாவது அஞ்சாமையும், புகழும் வருவது உவகைக்குக் கீழ் இல்லை, பெருமிதத்துக்குக் கீழ். கற்பியலிலோ, தலைவனும் தலைவியும் ஊர் எல்லையைத் தாண்டிப் போய் ஆறு, குளம், சோலை எல்லாம் ஆடி மகிழ்வது பேசப்படுது. ஊர் தாண்டிப்போய் ஒரு இடத்தைச் சுற்றி அனுபவிக்கிறதுக்கும் தமிழில் 'ஆடுதல்' எண்டுதான் பெயர்.

இதால தொல்காப்பியர் 'புரோட்டியஸ்' கேமுக்குச் சான்றிதழ் குடுத்திட்டார் எண்டு நான் சொல்லவரவில்லை. ஒரு சொல்லின்ர பழைய பொருள் இண்டைக்கு வாற சண்டையைத் தீர்க்காது. ஆனால் 'விளையாட்டு என்றால் வெல்லுறது' எண்டது இயற்கை விதி இல்லை, ஒரு பழக்கம் எண்டதை அது காட்டுது. ரோஜே கயுவா 1958இல் விளையாட்டை நாலாகப் பிரிச்சபோது போட்டிக்கு அதில ஒரு பங்குதான் குடுத்தார். மற்றவை அதிர்ஷ்டம், பாவனை, தலைசுற்றல். எங்கட ஊஞ்சல் அந்த நாலாவதுக்குள் போகும், மண் சோறு மூன்றாவதுக்குள் போகும்.

'வெண்பா'

இந்த விவாதத்துக்குள் ஒரு தமிழ்க் கேமும் நிக்குது. 2023 யூலை கடைசியில் ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் 'வெண்பா'வை வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவையின்ர மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதின சமையல் கொப்பி கிழிஞ்சும் அழிஞ்சும் கிடக்கு. அழிஞ்ச வரிகளை ஊகிச்சு இட்லி அவிக்கவேணும், புட்டு அவிக்கவேணும். பிழைச்சால் திரும்பச் செய்யலாம், தண்டனை ஒண்டும் இல்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கேம் முடிஞ்சிடும். இது நடந்து பார்க்கிற கேம் இல்லை. ஆனால் 'இது கேமா, ஊடாடுற கதையா?' எண்ட அதே கேள்வி இதையும் துரத்தினது. 2024இல் சுயாதீனக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரிய பரிசும், பாஃப்டாவின் முதற்படைப்பு விருதும் இதுக்குத்தான் கிடைச்சது.

கடைசிப் பகுதியில் வளர்ந்த கவின் அந்தக் கொப்பியை வாசிக்கத் தடுமாறுவான். இதை நாவலில் எழுதினால் 'அவனுக்குத் தமிழ் மறந்துபோச்சு' எண்டு வாசிச்சிட்டுப் போயிடுவம். இங்க வாசிக்க முடியாத எழுத்தை வைச்சுக்கொண்டு சமைக்கிறது நாங்கள். அந்தத் தடுமாற்றம் எங்கட கையில் நடக்குது. கேம் எண்ட வடிவம் இல்லாமல் இது வராது.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லையா?

இருக்கு. காசு குடுத்து வாங்கிறவன் ரெண்டு மணித்தியாலத்தில் முடிஞ்சால் யோசிப்பான்தான், அதுவும் டொலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற எங்களுக்கு. இன்னொரு குறை, சில கேம்களில் நடக்கிறதுக்கும் காணொளி பார்க்கிறதுக்கும் வித்தியாசம் பெரிசாக இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பாதைதான். ஆனால் இது 'நல்ல கேமா?' எண்ட கேள்வி. மோசமான நாவலை 'நல்லா இல்லை' எண்டு சொல்லுவம், 'இது நாவலே இல்லை' எண்டு சொல்லி நூலகத்தில் இருந்து எடுத்தெறியிறதில்லை. 'கேமே இல்லை' எண்டு சொல்லேக்க வாசலில் நிண்டு ஆளை உள்ள விடாமல் மறிக்கிறம். அதுக்கு விளைவும் உண்டு. ஸ்டீம் கடையில் ரெண்டு மணித்தியாலத்துக்குள் விளையாடினதை 14 நாளுக்குள் திருப்பிக் குடுத்துக் காசை வாங்கலாம். முழுக் கேமையும் முடிச்சிட்டு, 'இது கேமில்லை' எண்டு காசையும் திருப்பி எடுக்கலாம். சின்னதாகச் செய்யிறவனுக்கு அந்த அடி பெரிசு.

நடக்கிறது எண்டால் சும்மாவா?

எங்களுக்கு இந்தச் சண்டை ஏன் முக்கியம் எண்டதுக்கு ஒரு உதாரணம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. இலட்சக்கணக்கான சனம், மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். எங்கட வீடுகளில் ஒவ்வொருத்தரிட்டயும் அந்த இரவுக் கதை இருக்கு. அதை ஒரு கேமாகச் செய்தால் அதில என்ன புள்ளி குடுக்கிறது? முதல் போய்ச் சேர்ந்தவருக்குப் பரிசா? அங்க செய்யிறதுக்கு இருந்தது நடக்கிறது, நிக்கிறது, எதைக் கொண்டுபோறது எதை விட்டுட்டுப் போறது எண்டு முடிவெடுக்கிறது. 'நடக்கிறது மட்டும் கேமாகாது' எண்ட விதியை ஒத்துக்கொண்டால், எங்கட கதையில் துவக்குப் பிடிக்கிற பகுதி மட்டும்தான் கேமுக்குத் தகுதியானது எண்டும் ஒத்துக்கொண்டதாகிடும்.

இதைச் செய்யப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ட்வைன் எண்ட இலவச மென்பொருளில் புரோகிராமிங் பெரிசாகத் தெரியாமலே, தமிழிலேயே, தெரிவுகளோட நகருற கதை ஒன்றைச் செய்யலாம். பிற்சி எண்ட இன்னொன்றில் குட்டிக்குட்டி அறைகளை வரைஞ்சு அதுக்குள் ஆளை நடக்கவிடலாம். இடம்பெயர்ந்த வீடு, மூடின பள்ளிக்கூடம், அம்மம்மாவின்ர குசினி, எது வேணுமெண்டாலும். இதை வாசிக்கிற ஆராவது ஒன்றைச் செய்து அனுப்பினால் அடுத்த விமர்சனத்தை அதுக்கு எழுதுறன். அதில 'கேமா இல்லையா' எண்டு கேட்கமாட்டன். நல்லா வந்திருக்கா எண்டு மட்டும் பார்ப்பன்.