நெடுங்காத்திருப்பும் மனநிலையும்: தாம்பரம் புறநகரை முன்வைத்து ஒப்பீட்டு இழப்புணர்வு

பிறரைவிடத் தாழ்ந்துபோனோம் என்னும் உணர்வை உளவியலாளர் ஒப்பீட்டு இழப்புணர்வு என்பர். ஒருவரிடம் ஒன்று இல்லாமையை மட்டும் இது குறிப்பதில்லை; தமக்கு நிகரானவர் என்று அவர் கருதுபவரிடம் அது இருப்பதும், தமக்கும் அது உரியதே என்ற எண்ணமும், கிடைக்காமற்போனது நியாயமன்று என்ற மனக்குறையும் சேரும்போதே இவ்வுணர்வு முழுமை பெறுகிறது. சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் அமெரிக்கப் படைவீரரைப் பற்றி 1949இல் வெளியிட்ட ஆய்வில், பதவி உயர்வு விரைந்து கிடைத்த விமானப் பிரிவினர், அது அரிதாகவே கிடைத்த இராணுவக் காவல் பிரிவினரைவிட உயர்வு முறையின்மீது மிகுந்த அதிருப்தி கொண்டிருந்தது தெரியவந்தது. உடனிருப்போர் பலர் உயரும் இடத்தில்தான் உயராமை உறுத்துகிறது.

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் அத்தகைய இடம். 1984இல் செயல்படத் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும், பின்னர்ப் பெருங்களத்தூரில் எழுந்த தகவல் தொழில்நுட்ப வளாகமும், ஜி.எஸ்.டி. சாலையில் வந்து சேரும் புறவழிச்சாலையும் இப்பகுதியின் வருவாயையும் மனை விலையையும் ஒருசேர உயர்த்தின. விலை ஏறுமுன் அரை கிரவுண்டு வாங்கிப்போட்டவரும், அப்போது பணம் புரட்ட முடியாமல் இன்று வாடகைக்கு இருப்பவரும், நிரந்தர வேலையில் உள்ளவரும், அதே வேலையைக் காண்ட்ராக்டில் செய்பவரும் இங்கே ஒரே தெருவில் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள செல்வந்தரோடு எவரும் தம்மை ஒப்பிட்டு வருந்துவதில்லை. ஒரே மின்சார ரயிலில் ஒன்றாக வேலைக்குப் போனவர் வீடு கட்டி முடித்துவிட்டதுதான் மனத்தில் தைக்கிறது.

ஆயினும் இடைவெளியின் அளவைவிட அது நீடிக்கும் காலமே மனத்தைச் சிதைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973இல் மைக்கேல் ராத்ஸ்சைல்டின் துணையோடு எழுதிய கட்டுரையில் இதற்கான விளக்கம் உண்டு. சுரங்கச் சாலையில் இரு வரிசை வாகனங்களும் நெரிசலில் நின்றிருக்க, பக்கத்து வரிசை நகரத் தொடங்கினால், நிற்பவர் முதலில் மகிழ்கிறார். தம் முறையும் வரும் என்பதற்கு அது அறிகுறி. நேரம் செல்லச்செல்ல அந்த மகிழ்ச்சியே சினமாகிறது. விடுமுறை முடிந்து மக்கள் சென்னை திரும்பும் நாளில் பெருங்களத்தூரில் நின்றவருக்கு இது புதிதன்று. ரஷ்யப் பொருளாதாரம் தடுமாறிய ஆண்டுகளின் தரவுகளை ஆராய்ந்த கிளாடியா செனிக், நிகரானவரின் வருவாய் உயர்வு அங்கே மனநிறைவைக் கூட்டியதை 2004இல் காட்டினார். பிறர் வளர்ச்சி எப்போதும் புண்படுத்துவதில்லை. நம்பிக்கை உயிருடன் இருக்கும்வரை அது ஊக்கமே.

நம்பிக்கை தேய்ந்தபின் சினம் எங்கே செல்கிறது என்பது அடுத்த வினா. தனியொருவராகத் தாம் பின்தங்கினோம் என்ற உணர்வையும், தம் குழுவே பின்தங்கியது என்ற உணர்வையும் டபிள்யூ. ஜி. ரன்சிமன் 1966இல் பிரித்துக் காட்டினார். பின்னது சங்கமாகவும் கோரிக்கையாகவும் வெளிப்பட வழியுண்டு. முன்னதற்கு அவ்வழி இல்லை. இன்றைய புறநகரில் வீட்டுக்கடனும் வேலை ஒப்பந்தமும் அவரவர் தனித்துச் சுமப்பவை. சாமர்த்தியம் போதவில்லை என்று உறவினர் சொல்வதை நாளடைவில் பின்தங்கியவரே நம்பிவிடுகிறார். திருமண வீடுகளைத் தவிர்க்கிறார், தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பற்றுப் போகிறது. இதனைப் பொறாமை என்று பெயரிட்டு ஒதுக்குவது பெரும் அநீதி. அவர் பிறர் நலம் கெட வேண்டுமென்று விரும்பவில்லை, தமக்கான முறை வராததற்கே வருந்துகிறார்.

உடலும் இதிலிருந்து தப்புவதில்லை. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், வறியவர் எனச் சொல்ல இயலாத பிரிட்டன் அரசு ஊழியரிடையேகூட, பதவிப்படி இறங்க இறங்க இதயநோய் மரணங்கள் மிகுந்தன. புகைப்பழக்கம் முதலியவை அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின.

இவ்வளவு கடுமையான விளைவுகளோடு இவ்வுணர்வுக்கு உள்ள தொடர்பு, ஹெதர் ஸ்மித் குழுவினர் 2012இல் தொகுத்த ஆய்வுகளின் சராசரியில் மெலிந்தே தோன்றியது. அநியாயம் என்ற மனக்குறையையும் சேர்த்து அளந்த ஆய்வுகளில் தொடர்பு வலுப்பட்டதை அவர்கள் சுட்டினர். காலத்தையும் இதனோடு சேர்த்தாக வேண்டும். ஈராண்டுக்கு முன் குடிவந்து, பக்கத்து வீட்டின் மாடி எழுவதை நம்பிக்கையோடு பார்ப்பவரும், இருபது ஆண்டுகளாக அதே தெருவில் வாடகை கொடுத்துச் சலித்தவரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை நிரப்பினால், ஒருவரின் ஊக்கமும் மற்றவரின் கசப்பும் கூட்டலில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வால்தான் ஊக்கம் எந்தக் கட்டத்தில் கசப்பாகத் திரும்புகிறது என்பதைக் கண்டறிய முடியும்.