கடையத்துப் பாரதியும் உலக அரசியலும்

கடையம், தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஊர். சுப்பிரமணிய பாரதியின் (1882–1921) மனைவி செல்லம்மாளின் சொந்த ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, 1920 இறுதியில் மீண்டும் சென்னைக்குக் குடிபெயரும் வரை இங்கே வாழ்ந்தார். வல்லரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் தமிழ் வாசகருக்குச் சொன்ன முன்னோடி அவர்.

உலக அரசியல் பற்றிய அவரது அறிவு பத்திரிகை அலுவலகத்தில் வளர்ந்தது. 1904 இறுதியில் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவருக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அன்றாட வேலை. மறு ஆண்டு மே மாதம் சுஷிமா கடற்போரில் ஜப்பான் ரஷ்யக் கடற்படையை முறியடித்தது. ஐரோப்பியப் பேரரசை ஆசிய நாடொன்று வென்ற சேதி, அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு தலைமுறையையே நிமிர வைத்தது. 1906-இல் பாரதி பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் சிவப்புத் தாளில் அச்சாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய முழக்கங்கள் அதன் முகப்பில் இடம்பெற்றன. தமிழ் இதழியலுக்கு அரசியல் கேலிச்சித்திரத்தைத் தந்ததும் அதுவே.

வலிமையை மட்டும் பார்த்து அவர் எந்த நாட்டையும் போற்றவில்லை. 1914-இல் ஜெர்மனியின் படையெடுப்பை எதிர்த்து நின்று தோற்ற பெல்ஜியத்தை வாழ்த்தினார். 'புதிய ருஷ்யா' கவிதையில் அவர் பாடியது 1917-இல் நிகழ்ந்த ஜாரின் வீழ்ச்சியை, லெனினை அல்ல. லெனினின் பலாத்கார வழியை 'செல்வம்' கட்டுரையில் வெளிப்படையாகவே மறுத்தார்.

அவர் கடையத்தில் இருந்தபோதுதான் பாரிஸ் சமாதான மாநாடு நடந்தது. சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் இனச் சமத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் 1919 ஏப்ரலில் கோரியது. 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தும், ஒருமனதாக இல்லை என்று கூறி, கூட்டத்துக்குத் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அதை ஏற்கவில்லை. சென்னையின் மணி ஐயர் என்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917-இல் இந்தியச் சுயாட்சிக்கு ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதியதும் இதே வில்சனுக்குத்தான். வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அங்கில்லை. அது இந்தியாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் பண உதவி கோரி 1920-இல் பாரதி கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை.

2022-இல் கடையத்தில் செல்லம்மாள்–பாரதி சிலை நிறுவப்பட்டது.