பலபொருள் ஒருசொல்: கடுகண்ணாவைப் பாதையிற் சில ஆங்கிலச் சொற்கள்

ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றல் மொழிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் இதனைப் 'பலபொருள் ஒருசொல்' எனச் சுட்டி, வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என இருவகைப்படுத்தினார். 'மா பூத்தது' என்புழி மரமும், 'மா ஓடிற்று' என்புழி விலங்கும் பொருளாதல் முன்னைய வகைக்கு எடுத்துக்காட்டு. திவாகர நிகண்டு தன் பதினோராந் தொகுதியை இத்தகைய சொற்களுக்கென்றே ஒதுக்கியுள்ளது. ஆங்கிலத்திலோ இவ்வியல்பு மிகப் பெருகிக் காணப்படுகின்றது. 1989 இல் வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செற்' என்னும் வினைச்சொல் ஒன்றுக்கே நானூறுக்கு மேற்பட்ட பொருள்களைக் காட்டுகின்றது.

அகராதி பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தும். அவற்றுள் எப்பொருள் யாருக்கு வாய்த்தது என்பதை அறிய வரலாற்றையே நாடவேண்டும். அந்நியர் மொழி ஆட்சிமொழியாய் இருந்த நாட்டில் இவ்வினா மேலும் இன்றியமையாததாகின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியிலுள்ள கடுகண்ணாவையை நிலைக்களனாகக் கொண்டு, அவ்வழியே மலையகம் புகுந்த சில எளிய ஆங்கிலச் சொற்களை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது 'பாஸ்' என்பது. அடிவைப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை இது வேராகக் கொண்டது. மலையிடை வழியாகிய கணவாயையும், தேர்வில் தேறுதலையும், செல்வதற்குரிய அனுமதிச் சீட்டையும் இச்சொல் குறிக்கும். 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கடுகண்ணாவைக் கணவாயினூடாகப் பெருந்தெரு அமைப்பித்தார். அப்பணியை நடத்திய கப்டன் டோசன் 1829 இல் இறக்க, அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் தெருவோரத்தே நிற்கின்றது. இன்று 'பாஸ் பண்ணினான்' என்றால் தேர்வையும், 'பாஸ் எடுத்தான்' என்றால் அனுமதிச் சீட்டையும் கொள்கின்றோம். தொல்காப்பியர் கூறிய வினைவேறுபாடு இரவற்சொல்லிலும் தொழிற்படுதல் காண்க. 1990களில் வவுனியாவிலிருந்து தெற்கே வர விரும்பிய தமிழர்க்கு 'பாஸ்' என்ற சொல் இப்பின்னைய பொருளையே நினைவூட்டிற்று. வழியைத் திறந்த சொல்லே வழியை மறிக்கும் சொல்லுமாயிற்று.

இரண்டாவது 'கோச்' என்பது. ஹங்கேரி நாட்டிலே வண்டி செய்வதற்குப் பெயர்பெற்ற 'கோச்' என்னும் ஊரின் பெயரே இச்சொல்லாயிற்று. குதிரை வண்டியைக் குறித்த சொல், பின்னர்ப் புகையிரதப் பெட்டியையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒக்ஸ்போட் மாணவர் வழக்கிலே தேர்வுக்கு ஆயத்தஞ் செய்யும் ஆசிரியரையும், அதன்பின் விளையாட்டுப் பயிற்றுநரையும் குறிக்கலாயிற்று. மாணவனைத் தேர்வின் அக்கரைக்குக் கொண்டுசெல்பவன் ஆசிரியன் என்பது கருத்துப் போலும். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் கோச் 1832 இல் ஓடத் தொடங்கிற்று. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி வீதம் உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தில் அது புகை கக்கி ஏறிய காலத்தில், மக்கள் தம் நாவுக்கேற்ப இச்சொல்லைத் திரித்துக்கொண்டனர். மலையகத் தமிழர்க்குப் புகையிரதம் முழுவதுமே 'கோச்சி'. சிங்களவர்க்கும் அது 'கோச்சிய'. கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அரும்பொருட்காட்சிசாலையில் பழைய கோச்சிகளைக் காணலாம்.

மூன்றாவது 'லைன்' என்பது. சணல் நூலைக் குறித்த இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, கோடு, வரிசை, புகையிரதப் பாதை, பரம்பரை எனப் பல பொருளில் விரிந்தது. படைவீரர் குடியிருப்பு வரிசைக்கும் அதுவே பெயர். தோட்டங்களிலோ, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறைகள் ஒட்டி நிற்கும் தொழிலாளர் குடியிருப்பை அது குறித்தது. லைனே லயமாயிற்று என்பர். குதிரை லாயத்தை நினைவூட்டுவது என்பாரும் உளர். இசையிலே லயம் ஒத்திசைவைக் குறிக்கும். ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிய வாழ்க்கைக்கு அப்பெயர் பொருந்துமோ என்பதைப் படிப்போர் எண்ணிப்பார்ப்பாராக.

நான்காவதும் ஐந்தாவதும் இணைந்து வருவன: 'கோஸ்ற்', 'அட்வான்ஸ்'. முன்னையது விலா எலும்பைக் குறித்த சொல்லிலிருந்து தோன்றிக் கடற்கரையைக் குறித்தது. இலங்கைத் தோட்டத்துரைமாரோ ஆட்சேர்ப்புக்குரிய தமிழ்நாட்டு மாவட்டங்களையெல்லாம் 'கோஸ்ற்' என்றே வழங்கினர். கடலே இல்லாத திருச்சிராப்பள்ளியும் சேலமும் அவர்க்குக் கரையே! 1904 இல் ஏற்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தது. 'அட்வான்ஸ்' முன்னேற்றத்தையும் முற்பணத்தையும் குறிக்கும். 'கோஸ்ற் அட்வான்ஸ்' எனப்பட்ட முற்பணம் கங்காணி வழியாகத் தொழிலாளிக்குக் கடனாயிற்று. அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் வேறு தோட்டம் செல்ல இயலாது. அதனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலச் சட்டத்திலும் இடம்பெற்றது. துண்டுமுறை 1921 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முற்பணம் பெற்றவனுக்கு முன்னேற்றம் மறுக்கப்பட்ட வரலாறு இது.

இறுதியாக 'டிசென்ற்' என்னும் சொல்லை நோக்குவோம். கீழிறங்குதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். மலையின் இறக்கமும் இது, தந்தையிலிருந்து மகனுக்கு இறங்கிவரும் வழிமரபும் இது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வழிமரபாலும் பதிவாலும் குடியுரிமை வரும் என்றது. அவ்வாண்டு நவம்பர் 15 இற்கு முன் இலங்கையிற் பிறந்தவன், தன் தந்தையாவது, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்குப் பிறந்தமையைக் காட்டல் வேண்டும். பிறப்புப் பதிவுகள் கைவசமில்லாத தோட்டமக்கள் இதனை எங்ஙனம் நிறுவுவர்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர்.

அங்ஙனம் அனுப்பப்பட்டோர் மலைநாட்டிலிருந்து புகையிரதமேறிக் கடுகண்ணாவை இறக்கத்தின் வழியே தலைமன்னாருக்குச் சென்றனர். வழியனுப்ப வந்தோரும் செல்வோரும் கட்டியழுத அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வழிமரபைக் காட்ட இயலாதாரை மலையிறக்கத்திற் கொண்டுசென்றது அது. டிசென்ற் என்னும் ஒரே சொல்லின் இரு பொருளும் அங்கு ஒன்றுகூடின. இலங்கையிற் குடியுரிமையின்றி எஞ்சியோர்க்கு அதனை வழங்கும் சட்டம் ஒன்று 2003 இல் வந்தது.

மேற்கூறியவற்றால் அறியத்தக்கது ஒன்றுண்டு. அகராதியிற் பல பொருளும் அருகருகே அமைதியாய் இருக்கின்றன. வாழ்க்கையிலோ ஒருவனுக்கு ஒரு பொருளே கிடைக்கின்றது. அதனைப் பெரும்பாலும் அவன் தேர்வதில்லை. ஆயினும் மக்கள் வாளாவிருந்தாரல்லர். துரையின் கோச்சைத் தம் கோச்சியாக்கி, அதன்முன் ஒப்பாரி என்னும் தம் சொல்லைச் சேர்த்து, எந்த அகராதியும் தராத பொருளைத் தாமே படைத்தனர். சட்டத்தையும் ஆவணத்தையும் தமிழாக்கப் புகும் மாணவர், இச்சொல்லின் பொருள் யாது என வினவுவதோடு அமையாது, அப்பொருள் யாரைச் சேரும் எனவும் வினவுதல் கடன்.